துறைமுகம்: பாசல்

பிறை மொத்தச் சரக்குத் துறை, காலை ஏழே கால்.
நீர் இன்னும் வற்றிக்கொண்டிருந்தது.
கோதுமைக் கப்பலின் பின்புறம் போனோம், எண் பார்க்க.
கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ
அதை வைத்துச் சரக்கை எடைபோடுவது என் பிழைப்பு.
முன்னே, நடுவே, பின்னே,
அலை ஏறும்போது ஒன்று காட்டும்,
இறங்கும்போது வேறொன்று.
நடுவில் எங்கோ இருப்பதை நான் எழுதிக்கொள்வேன்.

படகைப் பிடித்திருந்தவன் தாண்டவராயன்.
சுக்கானுக்கு மேலே, துரு வழிந்த இரும்பில்,
வெள்ளை எழுத்தில் கப்பலின் சொந்த ஊர்: பாசல்.
"எங்க இருக்கு அது?"
"சுவிட்சர்லாந்து."
"கடற்கரை நல்லா இருக்குமா?"
கைப்பேசியில் தேடினேன்.
வரைபடம் மெல்லத் திறந்தது:
மலை, மலை, ஏரி, மலை.
நீலம் இருந்தது, நாலு பக்கமும் அடைபட்டு.
"கடலே இல்லை."
அவன் சிரித்த சிரிப்பில் படகு ஆடி
எண்ணை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.
ஒன்பது மீட்டர் நாற்பத்திரண்டு.

மதியம் கன்டீனில் மீதியைப் படித்தேன்.
நாற்பத்தொன்றில், சுற்றிலும் போர்.
அண்டை வீடுகள் எரிய
நடுவீட்டில் உலைக்குப் போட ஒன்றுமில்லை.
தானியமோ அட்லாண்டிக்கின் அக்கரையில்.
வாடகைக் கப்பல்களைப் போர் பறித்துக்கொண்டபின்
ஏப்ரலில் ஒரு நாள்
தலைநகரில் சிலர் கூடி
ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள்:
இனி நமக்கும் கப்பல் உண்டு.
கடலை யாரும் கேட்கவில்லை.

தரையில் அவர்கள் கொடி சதுரம்.
கடலுக்கு வந்ததும் அதை இழுத்து நீட்டினார்கள்,
மற்றக் கொடிகளின் வரிசையில் நிற்க வேண்டுமே.
கப்பலின் விலாவில் ஆளுயர எழுத்தில்
நாட்டின் பெயரைத் தீட்டினார்கள்:
நாங்கள் யாருக்கும் பகையில்லை,
பார்த்துச் சுடுங்கள்.
சிலர் பார்த்தே சுட்டார்கள்.

இந்தக் கப்பலில்
கப்பித்தான் குரோவாசியர், சமையல்காரர் பிலிப்பினோ.
அந்த நாட்டைக் கண்ணால் கண்டவர்
மேல்தட்டில் ஒருவரும் இல்லை. கேட்டுப் பார்த்தேன்.

தாண்டவராயனிடம் நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
"ஒரே தாளா?" என்றான்.
"எத்தன வருஷம் இழுத்தாங்க?"
"அன்னைக்கே."

அவன் பிறந்தது பாகான் ஆஜாம் பக்கம்,
அலை கேட்கும் தொலைவில்.
பத்திரம் எடுக்க அன்று யாரும் போகவில்லை.
வயது நாற்பத்து மூன்று. சிவப்பு ஐசி. நாலு மனு.
இரண்டு இன்னும் பரிசீலனையில்,
ஒன்றின் கோப்பைக் காணோம்,
ஒன்றுக்கு, காரணம் கூறப்பட மாட்டாது.
படகுகூட மச்சான் பேரில்தான்.
"எனக்குக் கடல் இருக்கு, படகு இருக்கு,
பின்னாடி எழுத ஊருதான் இல்ல."
சொல்லிவிட்டு நாசி லெமாக் காகிதத்தை
எட்டாக மடித்தான், பதினாறாக மடித்தான்,
அதற்குமேல் அது மடியவில்லை.

நாலாம் நாள் மறுபடி போனோம்.
சரக்கு இறங்கிக் கப்பல் உயர்ந்து நின்றது.
போன தடவை துடுப்பால் தொடக்கூடிய பாசல்
இப்போது அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்.
போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கி
நீர் மொண்டேன்.
பிறை ஆறு வந்து கலக்கும் இடம்,
கடல் என்றும் சொல்ல முடியாது, ஆறு என்றும்.
நீர்மானி ஆயிரத்துப் பதினாறு காட்டியது.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இருக்கிறது,
எழுதினேன்.
போத்தலைக் கவிழ்த்தான் அவன்.

எஞ்சினைக் கிளப்பும்போது கேட்டான்,
"அடுத்தது எந்த ஊரு?"
"பனாமா."
"அங்கயாவது கடல் இருக்கா?"
"ரெண்டு இருக்கு."
கொஞ்ச தூரம் வரை ஒன்றும் பேசவில்லை.
பாலத்துக்குக் கீழே வெயில் மறைந்த இடத்தில்
"ரெண்டா!" என்றான்.