ஒன்பதாம் சுருள்

படம் ஒன்று, கொட்டகை இரண்டு.
டவுனில் ஓடிய சுருள்
சூடு ஆறுமுன் கல்லடிக்குப் போகவேண்டும்.
ஐம்பத்தாறில் அந்தச் சைக்கிள் என்னுடையது.
சுருளுக்குப் பத்துச் சதம். பிந்தினால் வெட்டு.

முழுப்படம் நான் பார்த்ததில்லை.
பாட்டுச் சுருளுக்குப் பாரம் குறைவென்று
பொய் சொல்லித் திரிந்தேன்,
இறால் விற்கும் கனகம்மா நம்பினா.

அன்றைக்கு வாடைக்காற்று.
பாலத்தில் சில்லுச் சறுக்கி
ஒன்பதாம் சுருள் தகரப்பெட்டியோடு
வாவிக்குள்.

கொட்டகையில் விசில், கச்சான் கோது.
மறுகா பத்தைப் போட்டார்கள்.
எட்டில் சண்டைபிடித்துப் பிரிந்த இருவரும்
பத்தில்
ஒரே கோப்பையில் சோறு தின்றார்கள்.

"அவன்தான் காலில விழுந்திருப்பான் கா!"
"போடி, அவள் பசியில வந்திருப்பாள்."
பெண்கள் வாங்கில் தொடங்கிய வழக்கு
கடைசி பஸ்ஸிலும் தீரவில்லை.
அடுத்த நாள்
ஒன்பது இல்லாத படத்துக்கு
இரட்டிப்புச் சனம்.
முதலாளி வேலாப்போடி
என் காசை வெட்டவில்லை,
கூட்டவுமில்லை.

நாலாம் நாள் பெட்டி வலையில் வந்தது.
உள்ளே ஒரு நண்டு.
சுருளை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன்:
மூடிய கதவு,
வாசலில் ஒரு சோடிச் செருப்பு.

ஆணுடையதா, பெண்ணுடையதா?
அந்த இடத்தைத்தான்
உப்புத் தின்றிருந்தது.