மூன்றாவது கோப்பை

வியாழன் ஒன்பதரைக்கு
குன்னூரில் நானும் அரவேணுவில் ஆல்துரையும்
ஒரே கொலையைப் பார்க்கிறோம்.
விவாகரத்துத் தீர்ப்பில் இதற்குத் தடை ஏதுமில்லை.

படம் என்றால் ஒரு புள்ளி. நாவல் என்றால் இரண்டு.
முதலில் செய்தி அனுப்பியவருக்கே.
மின்கட்டண ரசீதின் முதுகில் கணக்கு:
நூற்றுப் பதினொன்றுக்குத் தொண்ணூற்றெட்டு.
முன்னால் இருப்பது நான்.

முதல் வாரம்
படியிறங்குகிறவனை விட்டுவிட்டு
அவன் நிழலோடு இறங்கியது கேமரா.
'கறுப்பு வெள்ளை. அறுபதுக்கு முந்தியது.
கடைசியில் அந்த நிழலைத்தான் கைது செய்வார்கள்'
என்று அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

நாலாம் வாரம் செத்தவரின் அலமாரியில்
ஒரேயொரு புத்தகம் தலைகீழாய்.
நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள்
'மாத நாவல். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினோமே,
கொலைகாரன் படித்து முடித்ததைக் கவிழ்த்து வைப்பான்.'
இரண்டு புள்ளி. ஒப்புக்கொண்டேன்.

அந்தக் காரின் எண் ஒரு படம் வெளியான வருஷம்.
அந்த நாய்க்கு ஒரு தொடர்கதை வக்கீலின் பெயர்.
வாராவாரம் கிழித்துச் சேர்த்து
கோணி ஊசியால் என் அப்பா தைத்த தொகுப்பு அது.
இப்போது ஆல்துரையிடம் இருக்கிறது.
நான் கேட்கவில்லை. அவனும் தரவில்லை.

மருந்துக் கடையில் கூட வேலை பார்க்கும் ஜெபக்கனி
வெள்ளிக்கிழமை காலை கேட்பாள்:
"அக்கா, யார் கொன்றது?"
சத்தியமாகத் தெரியாது.
நாங்கள் அதைக் கவனித்ததேயில்லை.

மஞ்சு இறங்கி டிஷ் செத்துப்போன இரவில்
நீலத் திரைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க
அவன் ஒவ்வொரு வரியாக அனுப்பினான்:
ஆய்வாளரம்மா கையுறையைக் கழற்றுகிறாள்.
மெதுவாக. விரல் விரலாக.
எந்தப் படம் என்று உனக்கே தெரியும்.
தெரிந்தது. புள்ளியை எனக்கே தந்தான்.

இனி, இன்றைக்கு நடந்தது.

கல்யாணமான புதிதில்
பர்லியார் வளைவில் பஸ் பழுதாகி நின்ற ராத்திரி
அவன் ஒரு படத்தின் கதை சொன்னான்.
வெளிவராத படம். சுருள் தீயில் போயிற்று.
பார்த்தவர் அவனுடைய மாமா ஒருவர்தான்.
ஒரு வீடு, இரண்டு பேர்.
மனைவி தினமும் மூன்று கோப்பை வைக்கிறாள்,
மூன்றையும் கழுவுகிறாள்.
கணவன் கேட்பதேயில்லை.
ஒருநாள் அவன் சீக்கிரம் வீடு திரும்புகிறான்:
மூன்றாவது கோப்பையில் பாதித் தேநீர்.
இன்னும் ஆவி.
வணக்கம் போட்டுவிடுகிறார்கள்.

பதினோரு வருஷம் நம்பினேன்.
பிறகு கூட்டுறவுச் சங்கக் கடன்,
கீழ்க்கோத்தகிரியில் இல்லாத நிலம்,
தங்கச்சி முறை என்று வந்துபோன ஒருத்தி,
ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே வந்தபோது
இதையும் சேர்த்து அடித்தேன்.
"இல்லாத படத்துக்குக் கதை சொல்கிற ஆள், மேடம்"
ஊட்டி கோர்ட்டில் ஆலோசகரிடம் சொன்னேன்.
அவன் தலை குனிந்திருந்தான்.
மறுக்கவில்லை.

இன்றிரவு
பூட்டிய பங்களாவுக்குள் ஆய்வாளரம்மா நுழைகிறாள்.
சமையலறை. மேஜை.
மூன்று கோப்பை.
கேமரா மூன்றாவதற்குப் போய்
அங்கேயே நிற்கிறது.
பாதித் தேநீர்.
ஆவி.

இது படமா, நாவலா?
எத்தனை புள்ளி, யாருக்கு?
அப்படியொரு படம் இருந்ததென்றால்
ஒரேயொரு தடவை அவன் உண்மை பேசியிருக்கிறான்,
அதற்கும் சேர்த்துத் தண்டித்திருக்கிறேன்.
இல்லையென்றால்
இந்த வாரக் கதையை எழுதியது யார்?

பெயர்கள் ஓடின.
சோப்பு விளம்பரம் அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளி
எறும்பு வரிசையாக்கியது.

கைபேசியில் அவன் பெயருக்குக் கீழே
தட்டச்சு செய்கிறார் என்று வந்தது.
போயிற்று.
வந்தது.
போயிற்று.

நாளை பகல் பதினொன்றுக்கு மறு ஒளிபரப்பு.
ஜெபக்கனியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டேன்.
ரசீதில் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது.
பேனாவும் எழுதுகிறது.