ஒன்பதாம் நம்பர் லயத்துக்கு வயர் இழுத்தது

எங்கள் மலையில் டிஷ் அநேகமாக நேரே மேலே பார்க்கும்.
சாட்டலைட் உச்சந்தலைக்குப் பக்கத்தில் நிற்கிறது.
மழை பெய்தால் தட்டில் தண்ணீர் தேங்கும்.
நான் பூட்டுகிற ஒவ்வொரு டிஷ்ஷின் அடியிலும்
சின்னதாக ஒரு துளை போட்டுவிடுவேன்.
இதை எந்தக் கம்பெனியும் சொல்லித் தரவில்லை.
பொகவந்தலாவையில் ஒரு தவளை சொன்னது,
தட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு.

மேமலை டிவிசன். பன்னிரண்டு காம்பரா, ஒரே தகரக் கூரை.
ஒரு டிஷ், ஒரு பெட்டி, ஒரு ரிமோட்.
காசு போட்டது பன்னிரண்டு வீடும்,
பில் மட்டும் முதலாம் வீட்டுச் சந்தனராஜ் பெயரில்.
பெட்டி அவர் அலுமாரி மேல் ஏறியது.

இறவாரம் நெடுக வயர் இழுத்தேன்,
வீட்டுக்கு ஒரு ஸ்பிளிட்டர்.
சந்தனராஜ் கிரிக்கெட் போட்டால்
லயம் முழுக்கக் கிரிக்கெட்.
விளம்பரம் வந்ததும் அவர் தாண்டினால்
எல்லாரும் தாண்டினார்கள்,
சோற்றுக் கையோடு.

சத்தத்துக்கு மட்டும் வயர் தேவைப்படவில்லை.
நடுச்சுவர் ஒன்றும் கூரையைத் தொடுவதில்லை அங்கே.
மூன்றாம் வீட்டுச் சண்டைக்கு
ஐந்தாம் வீட்டிலிருந்து தீர்ப்பு வரும்.

கடைசி வீட்டில் யோகமலர்.
ஸ்டோரில் இரவு வேலை, தூள் சலிக்கிற மெசினில்.
அவள் ரீவியில் பனி பெய்தது.
செய்தி வாசிப்பவருக்கு இரண்டு முகம்.
இரண்டாவது முகம் அரை விரல் தள்ளி நின்று
முதல் முகம் சொன்னதையே சொன்னது.

"காசு எல்லாருக்கும் ஒண்ணுதானே அண்ணே?"
"ஒண்ணுதான்."
"மெசின்ல மேல் சல்லடையில நல்லது நிக்கும்,
அது கப்பலுக்கு.
அடியில விழுற டஸ்ட் எங்களுக்கு.
வானத்துல இருந்து வாறதையுமா
இப்பிடிச் சலிச்சு அனுப்புறீங்க?"

ஒவ்வொரு பிரிப்பிலும் கொஞ்சம் குறையும் என்று
கணக்குச் சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

அட்டன் போய் பூஸ்டர் வாங்கி வந்தேன்.
அதற்குப் பிளக் வேண்டும்.
ஆறாம் வீட்டு மருதாய் கொடுத்தாள்.
பீலித் தண்ணீருக்கு எட்டாம் வீட்டோடு
வாய்த்தர்க்கம் வந்த அன்று பிடுங்கியும் விட்டாள்.
ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இருட்டு.

சம்பள நாளில் இஸ்தோப்பில் கூட்டம்.
பெட்டி மாதம் ஒரு வீட்டில் இருக்கட்டும்,
கடைசியிலிருந்து தொடங்கட்டும் என்றாள் யோகமலர்.
சந்தனராஜ் சரி சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
பெட்டியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.
ரிமோட்டை மூன்று நாள் கழித்துக் கொடுத்தார்.

ஸ்பிளிட்டர்களைத் திருப்பிப் பூட்டினேன்,
டிஷ் வயரைக் கடைசி வீடு வரை நீட்டினேன்.
பிளக்குக்கு மருதாயிடம் மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.
பூஸ்டர் இன்னும் என் பையில்.

முதல் ராத்திரியே யோகமலர்
ஏதோ ஒரு சனலைப் போட்டுவிட்டு
ரிமோட்டை அரிசிப் பேணிக்குள் வைத்து
வேலைக்குப் போய்விட்டாள்.
வீட்டுக்குப் பூட்டு.
கடலுக்கடியில் மீன்.
யாருக்கும் புரியாத பாஷையில் ஒருவன் மெதுவாகப் பேசினான்.
பன்னிரண்டு காம்பராவிலும் நீலம்.
முதல் நாள் திட்டினார்கள்.
இரண்டாம் நாள் கொஞ்சம் குறைவாக.
மூன்றாம் நாள் மழைக்குப் படம் போய்
என்னைக் கூப்பிட்டார்கள்: "மீனக் காணல, வாங்க."

ஏணியடியில் நாலாம் வீட்டு டிலுக்சன் நின்றான்.
"அந்தச் சப்பட்ட மீனுக்கு
ரெண்டு கண்ணும் ஏன் ஒரே பக்கம்?"
"நான் பூட்டுறவன் மட்டுந்தான் தம்பி."
மேலே, துளையில் ஒரு சவுக்கிலை அடைத்திருந்தது.
ஈர்க்கால் குத்தினேன். தண்ணீர் இறங்கியது.
எல்.என்.பி.யை என் சட்டையால் துடைத்தேன்.

வந்திருச்சு, என்றது ஒரு குரல்.
வந்திருச்சு, வந்திருச்சு, என்று தகரத்துக்குக் கீழே
அது வீடு வீடாக ஓடியது.
முதலாம் வீட்டிலிருந்து மட்டும்
சந்தனராஜ் கத்தினார்:
"இங்க மீன் எல்லாம்
ரெண்டு ரெண்டாத் தெரியுதுப்பா."