முப்பத்திரண்டு பல்

முன்னால் முப்பத்திரண்டு போதும் என்கிறான் இருதயராஜ்.
முப்பத்தாறு என்கிறேன் நான்.
தெற்கு வெளி வீதியில் பாதி இறங்கிய ஷட்டர்,
கிரீஸ் அப்பிய நாளிதழின் மேல்
இரண்டு பல்சக்கரங்கள்
பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் மாதிரி எதிரெதிரே.
"உசிலம்பட்டி வரைக்கும் முப்பத்தாறு சரி ஒச்சம்மா,
அங்கிட்டு மலைக்கு யார் மிதிப்பா?"

முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
யானைமலையின் பின்புறம் தொடங்கி
கல்குவாரித் தடம், கண்மாய்க் கரைகள்,
சைக்கிளைத் தோளில் போட்டு வைகை மணலில் ஒரு நடை,
பிறகு சாப்டூர்ப் பக்கத்து ஏற்றம்,
திரும்பும்போது நாகமலையின் விலாவோரம்.
முப்பது மணி நேரம் தருகிறார்கள்.
தார் ரோடு மொத்தம் பதினொரு கிலோமீட்டர்,
அதிலும் பாதியில் நெல் காயும்.

டயரில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.
இந்தப் பக்கம் டயரை முடிவு செய்வது
அவனும் இல்லை நானும் இல்லை,
சீமைக்கருவேலம்.
ட்யூபை உருவி எறிந்துவிட்டு
அந்த வெள்ளைப் பாலை ஊற்றினோம்
தொண்ணூறு மில்லி, வெயில் குடிக்க இன்னொரு முப்பது.
போன ஞாயிறு கீழக்குயில்குடிக் கண்மாயைச் சுற்றி வந்து
முன் டயரில் எண்ணினேன்: பதினெட்டு முள்.
பிடுங்கப் பிடுங்க
ஒரு சீழ்க்கை, ஒரு சொட்டு,
அப்புறம் சத்தமில்லை.
பதினேழோடு நிறுத்திக்கொண்டேன்.
கடைசி முள் ஆழம். அதுவே அடைப்பு.
இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷாக்கைக் கழற்றலாம் என்றான்.
ஒன்றரைக் கிலோ மிச்சம், ஏற்றத்தில் தெரியும்.
தெரியும்தான்.
ஆனால் திங்கள் காலை ஏழு மணிக்கு
பரிசோதனைக் கூடத்தில்
கைக்குழந்தையின் நரம்பைத் தேடி
ஊசி பிடிக்க வேண்டிய கை இது.
கல்தடத்தில் முப்பது மணி நேரம் அதிர்ந்துவிட்டு
அங்கே போய் நடுங்க முடியாது.
ஷாக் இருக்கட்டும் என்றேன்.
அவன் மறுபேச்சுப் பேசவில்லை.
அவன் மகளுக்கு ரத்தம் எடுத்ததும் நான்தான்.

போன வருடம் முப்பத்தாறில்தான் போனேன்.
இருநூற்று நாலாவது கிலோமீட்டர்,
இறங்க ஒரு கியர் மிச்சமில்லை,
எழுந்து நின்று உடம்பையே மிதித்தேன்.
செயின் அறுந்தது.
ஹேண்டில் கம்பி வாயில்.
மேல்வரிசையில் ஒன்று
சாப்டூர் ஏற்றத்துக் கல்லிடுக்கில் இன்னும் கிடக்கும்.
கிடை போட்டிருந்த ஒருவர்
கொப்பளிக்க உப்புத் தண்ணீர் தந்தார்,
பெயர் கேட்க வாய் திறக்கவில்லை.
நூர்ஜமீலா வந்தாள்.
முன்னால் வெறும் முப்பது,
தையல் மிஷின் மாதிரி குறுக்கே நெடுக்கே இல்லாமல்
ஒரே சீராய் மிதித்து ஏறி வந்தாள்.
"நிக்கவா ஒச்சு?"
போ என்று கை காட்டினேன்.
அவள் போன பிறகு ரொம்ப நேரம்
அந்தச் செயின் சத்தம் மட்டும்
மேலே மேலே கேட்டது.

இதை இருதயராஜிடம் சொன்னதில்லை.
அவனாக முப்பத்திரண்டை எடுத்து
கிராங்கில் பொருத்திப் பார்த்தான்.
"வாயில எத்தனை இருக்கு?"
"முப்பத்தொண்ணு."
"இதுல ஒண்ணு சேத்துக் குடுத்திருக்கேன் போ."
சிரிப்பு வந்தது, வந்த இடத்தில் காற்றும் வந்தது.
சரி என்று சொல்லவில்லை.
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அவன் போல்ட்டுகளை முறுக்கட்டும் என்று.

செயினில் இரண்டு கண்ணி குறைத்தான்.
அவற்றைச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டேன்,
வழியில் உதவும்.
முப்பத்தாறைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.
இப்போது அது அடுப்படியில்
சாம்பார்ச் சட்டிக்குப் பிரிமணை.

நாளை மறுநாள் அதிகாலை நாலரைக்கு ஒத்தக்கடை.
தண்ணீர் இரண்டு லிட்டரா மூன்றா,
அதுதான் இன்னும் முடிவாகவில்லை.