கீழ்மூலைப் பெண்

லிமாவின் ஆகஸ்டில்
மழை என்றும் சொல்ல முடியாது,
இல்லை என்றும் சொல்ல முடியாது.
அப்படியொரு காலையில்
நாடாளுமன்றத் தொலைக்காட்சியின் கீழ்மூலையில்
உள்ளங்கையளவு சதுரத்துக்குள்
கறுப்புச் சட்டையில் நான்.
பெயர் எடெல்மிரா சுல்க்கா.
காது கேளாதவர்களுக்கு என் கைதான் அவை.

அதிபர் வரவில்லை.
அவருக்காக வந்த வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி குடித்தார்.
செயலாளர் வாசிக்கத் தொடங்கினார்:
பதவி காலியாகும் வழிகள்.
இறப்பு. உள்ளங்கையைத் திருப்பினால் போதும்.
ராஜினாமா. அதுவும் எளிது.
அவையின் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போவது:
இரண்டு விரல் நடந்து போகும், போனது போனதுதான்.
பிறகு அந்த வரி.
நிரந்தரமான தார்மிகத் தகுதியின்மை.

நிரந்தரம் இருக்கிறது கையில்.
இன்மையும் இருக்கிறது.
தார்மிகத்தை எங்கே வைப்பது?

நெற்றிப்பொட்டில் வைத்தால் சித்தம் கலங்கியவர்.
அந்தக் காலத்தில் எழுதியவர்கள்
அதைத்தான் நினைத்தார்கள் என்கிறது வலப்பக்கம்.
நெஞ்சில் வைத்தால் வெட்கம் கெட்டவர்.
மைத்துனனுக்குப் போன மூன்று பாலங்களை
வேறெப்படிச் சொல்வதாம் என்கிறது இடப்பக்கம்.
தலைமுறை தலைமுறையாக முடியாத வாதம்;
எனக்குக் கிடைத்தது மூன்று நொடி.

நெற்றிக்குத்தான் கிளம்பியது கை.
பாதியில் மனம் மாறி நெஞ்சுக்கு இறங்கியது.
அதற்குள் செயலாளர் அடுத்த வரிக்குப் போய்விட
தொண்டைக்குழியிலேயே நின்றுவிட்டேன்.

இடைவேளையில் கைப்பேசி அதிர்ந்தது.
காயாவோவில் டயர் கடை வைத்திருக்கும் ஃபோர்த்துனாத்தோ:
"அதிபருக்குத் தொண்டையில் என்ன? புற்றா?"
அவர் மனைவி தனியாக இன்னொன்று:
"பாவம், அப்படியானால் விட்டுவிடலாமே."

சிரிப்பு வரவில்லை.
கழிப்பறைக் கண்ணாடி முன்
குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தேன்.
நெற்றி. நெஞ்சு. நெற்றி.
எங்கே வைத்தாலும் என் ஓட்டு விழுந்துவிடுகிறது;
அந்த அவையில் எனக்கு ஓட்டே கிடையாது.

மாலையில் அந்தச் சொல் வந்தபோதெல்லாம்
ஐந்து எழுத்தையும் விரலில் ஒவ்வொன்றாக உச்சரித்தேன்.
பொருள் ஒன்றும் சேர்க்கவில்லை.
படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.
சட்டம் எழுதியவர்களும்
ஒரு மாலை நேரத்தில், வீட்டுக்குப் போகிற அவசரத்தில்,
இதைத்தான் செய்திருப்பார்களோ?

எண்பத்தேழு வேண்டும்.
எண்ணைக் காட்டுவதில் சந்தேகமே இல்லை,
விரல் விட்டு எண்ணுவது எல்லோருக்கும் தெரியும்.
எண்பத்து நான்கு. எண்பத்தைந்து.
எண்பத்தாறில் பலகை நின்றது.
என் கை காற்றில் காத்திருந்தது.
யாரோ இருமினார்கள்.
விளக்கை அணைத்தார்கள்.

கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
அபான்காய் சாலையில் பேருந்துக்கு நின்றேன்.
முகமெல்லாம் அந்த ஈரம்.
விரலருகே மறுபடி அதிர்ந்தது.
மதியத்துக்குப் பிறகு கடையில் கூட்டம்,
மிச்சத்தை அவர் பார்க்கவில்லை போல:
"தப்பித்துவிட்டாராமே.
தொண்டை குணமாகிவிட்டதா?"