பதினாறும் இருபத்திரண்டும்

பேரணாம்பட்டு அரசு ஆஸ்பத்திரி.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.
சித்திரை வெயிலில்
ஜன்னல் கம்பியைத் தொட முடியாது.

ஜெல்லி தீர்ந்து பத்து நாள்.
பஞ்சை உப்புத் தண்ணீரில் தோய்த்து
கப் ஒட்டும் இடமெல்லாம் ஈரம் வைக்கிறேன்.
முனிரத்தினம் சிரிக்கிறார்:
"இங்கியும் உப்பாம்மா?"

இருபத்தாறு வருஷம்
தோல் மண்டியில் உப்புப் போட்டவர்.
பச்சைத் தோலை விரித்து
கல்லுப்பை இரு கையாலும் அள்ளி
கழுத்துப் பக்கம் கனமாக, வயிற்றுப் பக்கம் மெலிசாக
அழுகாமல் அடுக்கியவர்.
அவர் சீட்டில்தான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது:
உப்பைக் குறைக்கவும்.

பிரஷர் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து.
மாத்திரை?
"தல சுத்துனா போடுவேன்."

பேசாதீங்க. கையைத் தளர்த்தி விடுங்க.

பெட்டி கறகறவென்று தாளைத் தள்ளுகிறது,
நொடிக்கு இருபத்தைந்து சின்னக் கட்டம்.
பென்சில் முனையால் எண்ணுகிறேன்.
முதல் மார்புக் கோட்டில் பள்ளம் பதினாறு.
ஐந்தாவதில் மேடு இருபத்திரண்டு.
கூட்டினால் முப்பத்தெட்டு.
முப்பத்தைந்துக்குள் அடங்க வேண்டும் என்பது
எங்கள் கணக்கு.
அதன் பின்னால் வரும் சின்ன அலை
நிமிர்ந்து எழ வேண்டியது,
குப்புறக் கிடக்கிறது.

உயரத்தை மட்டும் வைத்து நான் யாரையும் பிடிப்பதில்லை.
நேற்று போலீஸ் தேர்வுக்கு வந்த பையன்,
எலும்பெண்ணலாம் போன்ற நெஞ்சு,
நாற்பதைத் தாண்டினான்.
அவனுக்கு ஒன்றுமில்லை.
போன மாதம் ஓர் அம்மா,
கனத்த உடம்பு,
கோடுகள் எல்லாம் அடக்க ஒடுக்கமாக வந்தன.
வேலூருக்கு அனுப்பி எக்கோ எடுத்தால்
சுவர் தடித்திருந்தது.
இந்தத் தாள்
காட்டிக்கொடுப்பதைவிட மறைப்பது அதிகம்.
ஆனால் இந்தக் குப்புற விழுந்த அலை,
இந்த பிரஷரோடு சேர்ந்து வந்தால்,
பொய் சொல்வது குறைவு.

டாக்டர் வந்து பார்த்தார்.
"இதயம் பெருத்திருக்கற மாதிரி தெரியுது."
"நம்ம மனசு எப்பவும் பெருசுதான் சார்."
வாசலில் நின்ற சக்குபாய் விடவில்லை:
"எங்கண்ணன் கல்யாணத்துக்கு
என்னா மொய் வெச்சாருன்னு கேளுங்க சார்."

அவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.
விரலடியில் வரிசையாகக் காய்ப்பு,
மஞ்சளாக, தேய்த்த கூழாங்கல் போல.
"உள்ளயும் இப்படித்தாங்க.
அழுத்தத்தை எதுத்துத் தள்ளித் தள்ளி
ஒரு பக்கம் காய்ச்சுப்போச்சு."
சிரிப்பு நின்றது.
கையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

"பழசு இருக்கா?" டாக்டர் கேட்டார்.
முன்னைவிட ஏறியிருக்கிறதா என்று தெரிய வேண்டும்.
இருக்கிறது.
சக்குபாய் தகரப் பெட்டியில்
ரேஷன் கார்டோடு, பட்டாவோடு
பிளாஸ்டிக் உறையில் இரண்டு வருஷம் காத்தது.
கூரையும் தகரம்.
பிரித்து நீட்டினாள்.

சிவப்புக் கட்டங்கள் இருந்தன.
கோடு இல்லை.
ஒரு துடிப்புகூட மிச்சமில்லை.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது பார்ப்போமே,
கரை இருக்கும், மணல் இருக்கும்,
அப்படி.

"பத்திரமாத்தான் வெச்சேன்," என்றாள்
இன்னும் இரண்டு முறை.
சூட்டில் எழுதிய தாளைச் சூடே தின்றது,
அவள் மேல் குற்றமில்லை.
வாங்கிக் கொடுக்கும்போது
எங்களில் ஒருவர் சொல்லியிருக்கலாம்.

புதுத் தாளின் முதுகில்
பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினேன்:
தேதி.
பதினாறு, இருபத்திரண்டு, முப்பத்தெட்டு.
கடைசி அலை தலைகீழ்.
இந்த மை நிற்கும்.

மண்டியில் எடைச் சீட்டை வாங்குபவர் மாதிரி
வாங்கி வாசித்தார்.
"அடுத்த தபா எவ்வளவு இருக்கணும்?"
"எறங்கணும்."
"எறங்குமா?"
"தல சுத்தாத நாள்லயும் மாத்திர போட்டா
எறங்கலாம்."

எறங்கும் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.
கப்பின் விளிம்பில் தண்ணீர் காய்ந்து
வெள்ளையாக ஒரு வளையம்.
விரலால் துடைத்துவிட்டு
அடுத்த சீட்டை எடுத்தேன்.