முடிந்த மட்டும்

செவ்வாய்க்கிழமை மட்டுமாம்.
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
கண்ணாடி போட்ட கடையில்
ஒரு தலைக்கு இரண்டாயிரத்து நானூறு,
ஒரு மணித்தியாலம்,
முடிந்த மட்டும் பர்கர்.
ஏழாம் நம்பர் மலையில்
மழைக்கு ஒதுங்கிய நேரம்
ரீட்டாதான் போனில் காட்டினாள்.
முடிந்த மட்டும் என்றால்
யாருக்கு முடிந்த மட்டும்
என்று கேட்டாள் தவமலர்.
அந்த மாதம் சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது.

மூன்று பேருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை.
கணக்கப்பிள்ளையிடம்
தவமலர் கிளினிக் என்றாள்,
ரீட்டா பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றாள்,
எனக்கு வாயில் வந்தது வயிற்றுவலி.
சொன்ன வாய் பலித்தது. அது பிறகு.

தொப்பி போட்ட பெடியன் வந்தான்.
மாடா, கோழியா என்றான் சிங்களத்தில்.
கோழி, கோழி, கோழி என்றோம்
வகுப்பில் வரவு சொல்வதுபோல.
மிச்சம் வைத்தால் தனிக் காசு,
கட்டிக்கொண்டு போக முடியாது,
ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.
ஒவ்வொரு தட்டுக்கும்
ஒரு துண்டுக் கடுதாசியில் கோடு போட்டான்.
எங்களுக்குப் பழகிய கோடுதான்,
தராசடியில் பதினாறு வருஷமாய்ப் பார்க்கிற கோடு.

முதலாவது ஆறு கடியில் போய்விட்டது.
நான் வாயை இவ்வளவு பெரிதாய்த் திறந்தது
பல் டாக்டரிடம் மட்டும்தான்.
சோஸ் முழங்கைவரை வழிந்து
யாரும் பார்க்கவில்லை என்று தவமலர் நக்கினாள்.
நாங்கள் பார்த்தோம்.
இரண்டாவது நல்லாயிருக்கிறது என்று
சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.
"சிப்ஸைத் தொடாதே, சோடா குடிக்காதே,
தண்ணிக்குக் கழிவு" என்றாள் ரீட்டா.
தவமலருக்குப் புரையேறி
அரைக் கிளாஸ் சோடா உள்ளே போனது.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ.
அங்கே பையில் குறைப்பார்கள்,
இங்கே வயிற்றில்.

நான் கணக்குப் போட்டேன்.
மற்ற நாளில் ஒன்று எண்ணூற்றைம்பது.
மூன்றாவதில்தான் காசு திரும்பும்.
இரண்டோடு எழும்பினால்
அரைப்பேர்.

மூன்றாவது வந்தது.
பன் வாய்க்குள் பஞ்சாய் நின்றது.
பக்கத்து மேசையில் மோட்டார் சைக்கிள் பெடியன்கள்
ஆறு, ஏழு என்று கத்தி வீடியோ எடுத்தார்கள்.
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்,
பனி இறங்கி
ரயில் ஸ்டேஷனைப் பாதி தின்றிருந்தது.

மேசை துடைக்கிற சாட்டில் அவன் குனிந்தான்.
"அக்கா, பன்ன விடுங்க. எறச்சிய மட்டும் சாப்பிடுங்க.
மிச்சத்துக்கு மேல டிசு போடுங்க, நா எடுத்துருவேன்."
எங்கள் தமிழ். லயத்துத் தமிழ்.
"நீ யாரு வீட்டுப் புள்ள?"
"மேப்பிரிவு."
அதற்கு மேல் சொல்லவில்லை,
காசுப்பெட்டியடியில் முதலாளி நின்றார்.
நிமிர்ந்து, கடைக்கே கேட்கிற மாதிரி,
"தவ எகக்த?" என்றான்.
இன்னொன்று என்றோம்.

கொழுந்து குறைகிற அன்றைக்கு
பக்கத்து நிரைக்காரி
என் பையில் இரண்டு பிடி போட்டுவிட்டு
முகம் பார்க்காமல் நடப்பாள்.
அந்த இரண்டு பிடி.

ரீட்டா நாலு.
தவமலர் மூன்று, ஒரு பல்லும் ஆடியது.
நான் மூன்றே கால்.
மிச்ச முக்காலும் டிசுவுக்குள் போனது.

கடைசி பஸ்ஸில்
வளைவுக்கு வளைவு வெங்காயம் மேலே வந்தது.
மல்லியப்பு சந்தி தாண்டி
பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி இறங்கினேன்.
காசு கொடுத்து வாங்கியதை
ரோட்டோரம் கொடுத்தேன்.
ரீட்டா முதுகைத் தடவினாள்,
தவமலர் கண்டக்டரோடு சண்டை பிடித்தாள்.

புதன்கிழமை மாலை நிறுவை.
பையைக் கொக்கியில் மாட்டினேன்.
"எத்தன?" என்றான் கணக்கப்பிள்ளை,
அவன் கண்ணாடி பனியில் மங்கியிருந்தது.
முள்ளைப் பார்க்காமல்
மூணே கால் என்றுவிட்டேன்.
அவன் பேனா அப்படியே நின்றது.
பின் வரிசையிலிருந்து ரீட்டா:
"கழிவு போகவா?"